எலிக்காக வளர்த்த தாடி

என்னைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் தாடியைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். திருநீறு கேட்டவர்கள் உண்டு. ஒருவர் தன் மருமகளுக்குப் பேய் ஓட்டச் சொல்லி வெற்றிலை பாக்கோடு வந்து நின்றார். பேய் வந்தால் அந்தப் பெண்ணுக்கு முன்னால் நான் ஓடிவிடுவேன் என்பது அவருக்குத் தெரியாது. இந்தத் தாடி பக்தியில் வளர்ந்ததல்ல, முழுக்கப் பயத்தில் வளர்ந்தது. அதற்குக் காரணம் என் கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஓர் எலிக்குட்டி.

அது வெள்ளைக்காரத் துரைகள் காலம். கரடியூர் போகிற வழியில் இருந்த ஒரு காப்பி எஸ்டேட்டில் பழம் பறித்துக்கொண்டிருந்தேன். பறித்தேன் என்று நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும், கணக்கு எழுதுகிற ரைட்டர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஒருநாள் பங்களாவிலிருந்து துரைசானி அம்மா இறங்கி வந்து, வரிசையாக நின்றவர்களின் கைகளை விரித்துக் காட்டச் சொன்னார். என் உள்ளங்கையை மட்டும் விரலால் அழுத்திப் பார்த்தார். காய்ப்பே ஏறாத கை. வேலைக்கு ஆகாத கை என்று எல்லோரும் சிரித்த அந்தக் கையைத் துரைசானிக்குப் பிடித்துவிட்டது. பங்களா உத்தியோகம் என்று தலைகால் புரியாமல் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, எலி வளர்க்கிற உத்தியோகம் என்று.

எனக்கு எலி என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். தூங்கும்போது காலைக் கடித்துவிடும் என்று கோணிக்குள் காலை விட்டுக் கட்டிக்கொண்டு படுத்தவன் நான். பங்களாவில், பழைய சேணம் எல்லாம் கிடந்த பின்னறையில், வலையடித்த மரப்பெட்டிகள் இரண்டு அடுக்காக இருந்தன. அத்தனையிலும் எலி. கம்பெனிக் கப்பலில் பிஸ்கட் டின்னில் உட்கார்ந்து வந்த எலிகளின் வாரிசுகள். சிலது முழு வெள்ளை, கண் மட்டும் குன்றிமணிச் சிவப்பு. சிலதுக்குத் தலையில் மட்டும் கறுப்பு, முக்காடு போட்டதுபோல. கீழே தானியக் கிடங்கில் எலிக்கு விஷம் வைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே நான் எலிக்கு ரொட்டியைப் பாலில் நனைத்து வைத்துக்கொண்டிருந்தேன். பங்களா பட்லர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். "பிள்ளையார் டிரைவர்" என்றுதான் கூப்பிடுவார்.

பயம் மெல்ல மெல்லப் போய்விட்டது. போனதென்றால், எலியிடமிருந்து எழுந்து துரைசானியிடம் போய் உட்கார்ந்துகொண்டது.

அவர் கத்த மாட்டார். அதுதான் பயம். ஓர் எலி குட்டி போட்டால், மறுநாள் காலை வந்து ஒவ்வொரு குட்டியாகத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். பிறந்த எலிக்குட்டிக்குத் தோல் கண்ணாடி மாதிரி இருக்கும். பால் குடித்திருந்தால் வயிற்றின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு தெரியும். எனக்கு அதைக் காட்டிக்கொடுத்ததே அவர்தான். பொட்டு நன்றாகத் தெரிகிற, துள்ளுகிற குட்டிகளைத் தாயிடம் திருப்பி வைப்பார். வரிசையில் எப்போதாவது ஒன்று மற்றதில் பாதிதான் இருக்கும். நோஞ்சான். அதை என் கையில் வைத்து, "இது வேண்டாம். பக்கெட்" என்பார். நோஞ்சானை வளர்த்தால் அதன் குட்டியும் நோஞ்சானாகும், வம்சமே கெட்டுவிடும் என்பது அவர் கணக்கு. தகரப் பக்கெட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் தயாராக இருக்கும். தண்ணீர் குளிராக இருக்கக்கூடாது என்பார். அந்த அளவுக்கு அவருக்கு இரக்கம் உண்டு.

கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்த வேலையையும் செய்துகொண்டிருந்தேன்.

பிறகு என் மனைவி முழுகாமல் இருந்தாள்.

எங்கள் பக்கத்தில் மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் சவரம் செய்துகொள்ள மாட்டான், உயிர்க்கொலை செய்ய மாட்டான். ஓணான் மேல் கல் எறிந்தால்கூடப் பெண்கள் சண்டைக்கு வருவார்கள். அதற்கு முந்தைய வருஷம் அவளுக்கு ஒரு கரு தங்காமல் போயிருந்தது. அன்றைக்கு, எஸ்டேட் ஆட்கள் குடியிருந்த லைன் வீட்டு வாசலில் கூடிய பெண்கள் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள். பங்களாவில் பக்கெட் வேலை யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருத்தியும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனாலும் எனக்குச் சோறு இறங்க வெகுநாள் ஆயிற்று.

இந்த முறை அவளே சொன்னாள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஏனுங்க, அந்தப் பக்கெட்ட மட்டும் தொடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தொடமாட்டேன் என்றேன். சொன்னது சுலபம். பக்கெட்டைத் தொடாவிட்டால் வேலை போகும். வேலை போனால் லைனில் இருக்கிற அறை போகும். மாசமான பெண்ணை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு எங்கே போவது? தினமும் பெட்டிகளுக்கு முன்னால் நின்று, தயவுசெய்து எல்லாரும் குண்டாகவே பெற்றுப் போடுங்கள் தாய்மார்களே என்று வேண்டிக்கொண்டேன். பிள்ளையாரிடம் நேராகவே பேசினேன். உன் வண்டிக்குத்தான் நான் வேலை பார்க்கிறேன், கொஞ்சம் கவனி என்றேன்.

அவர் கவனிக்கவில்லை. கறுப்பு முக்காட்டுக்காரி ஒருத்தி குட்டி போட்டாள். கடைசியாகக் கிடந்தது ஒரு நோஞ்சான். அதன் தலையில் வரப்போகிற கறுப்புகூடத் தோலுக்குள் ஒரு காதுப் பக்கமாகச் சரிந்துதான் தெரிந்தது. முக்காட்டையே சரியாகப் போடத் தெரியாத குட்டி. துரைசானி அதைக் கையில் வைத்துப் பார்த்தார். வயிற்றில் பொட்டு இல்லை. என் கைக்கு மாற்றினார். "பக்கெட்" என்றார். போய்விட்டார்.

பட்லரிடம் ஓடினேன். வாரத்தில் பாதி நாள் கோழி அறுக்கிறவர், இதைச் செய்துகொடுத்தால் என்ன என்று கெஞ்சினேன். அவர் வெங்காயம் அரிந்துகொண்டே நிதானமாக ஒரு சந்தேகம் கேட்டார்.

"நான் பண்ணுனாலும் பண்ணச் சொன்னது நீதானே? பாவம் என்னைக் கேட்டுட்டா உங்க ஊட்டுக்கு வரும்?"

திரும்பி வந்து பின்னறையில் உட்கார்ந்தேன். குட்டி என் உள்ளங்கைக் குழியில் கிடந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

அதைத் தாய்க்காரியிடமே திருப்பி வைத்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். தாய் எலி சில சமயம் தேறாத குட்டியைத் தின்றுவிடும். தின்றால் தின்னட்டும், பாவம் அவளோடு போகட்டும் என்று ஒரு நினைப்பு ஓடியது. தாய் தன் பிள்ளையைத் தின்ன வேண்டும் என்று மாசமான பெண்ணின் புருஷன் ஆசைப்பட்டால் அதற்கு என்ன தண்டனையோ? கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஒரு கையில் குட்டி இருந்ததால் ஒரு கன்னத்தில் மட்டும்.

கீழ் அடுக்கில் ஒரு முழு வெள்ளைக்காரி இரண்டு நாள் முன்னால்தான் பெற்றிருந்தாள். அவளுக்குக் குட்டி குறைவு, பால் அதிகம். தாய் செத்துப்போன குட்டிகளைத் துரைசானி இப்படி வேறு தாயிடம் மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டியின் ஈர வைக்கோலை எடுத்து நோஞ்சான் மேல் தடவி, அதே வாசனை ஆக்கி, குட்டிகளுக்கு நடுவில் சொருகினேன். வெள்ளைக்காரி மூக்கை நீட்டி வந்து முகர்ந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வீரம் அதுதான். திறந்தபோது அவள் அதை நக்கிக்கொண்டிருந்தாள்.

மற்றவை எல்லாம் தடியன்கள். இதை மிதித்துத் தள்ளிவிட்டுக் குடித்தன. ஆகவே தினமும் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தடியன்களை ஒரு தொப்பியில் அள்ளி வைத்துவிட்டு, நோஞ்சானை மட்டும் தாயோடு விட்டுவைப்பேன். அப்போது வராந்தாவில் ஏதாவது பூட்ஸ் சத்தம் கேட்டால் போதும், தொப்பியைச் சேணத்துக்குப் பின்னால் ஒளிப்பேன். ஒருமுறை பதற்றத்தில் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டேன். துரை அந்தப் பக்கமாகப் போனார். தலைக்குள் ஏழெட்டுக் குட்டிகள் நெளிய, நான் அசையாமல் சலாம் வைத்தேன். துரை திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒருநாள் நோஞ்சானின் வயிற்றில் கடுகளவு வெள்ளை தெரிந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் தன் வயிற்றைத் தொட்டுக்கொண்டாள். அந்த நிமிஷத்திலிருந்து எனக்குப் பயம் இரண்டு மடங்காயிற்று. அவள் அந்தக் குட்டியையும் தன் பிள்ளையையும் மனதுக்குள் ஒரே கயிற்றில் முடிந்துவிட்டாள் என்று தெரிந்துபோயிற்று. இது போனால் அது போகும். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

குட்டிகளுக்கு மயிர் முளைத்து ஓடத் தொடங்கியபோது துரைசானி கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடிக்காமல் எப்படி இருப்பார்? முழு வெள்ளைக் குடும்பத்துக்கு நடுவில் காதோரம் முக்காடு சரிந்த ஒன்று உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் பார்வை என் முகத்தின் கீழ்ப்பாதியில் நின்றது.

"இது என்ன?" என்றார். எலியைக் கேட்கிறாரா, தாடியைக் கேட்கிறாரா என்று புரியவில்லை. பங்களா வேலைக்காரன் தினமும் சவரம் செய்துகொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டம். நான் பின்னறை இருட்டிலேயே கிடந்ததாலும், துரைசானி வந்தால் குட்டிகளை மட்டுமே பார்ப்பதாலும் அதுவரை தப்பியிருந்தேன். எலியையும் தாடியையும் மாறிமாறிக் காட்டினேன். துரைசானி பட்லரைக் கூப்பிட்டார். பட்லர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினார். இவன் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி, அதனால் கத்தி தொடமாட்டான், உயிரைக் கொல்லமாட்டான், எல்லாம் ஒரே நோன்பு என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னார். கடைசியில் என்னைப் பார்த்து, "மூட்டையக் கட்டிக்க, டிரைவரே" என்று தமிழில் முணுமுணுத்தார்.

துரைசானி யோசித்தார். பெட்டியைத் திறந்து நோஞ்சானை எடுத்து, கண், பல், பின்னங்கால் எல்லாம் பார்த்தார். திருப்பி வைத்தார்.

"சரி. உன் பிள்ளை பிறக்கட்டும்" என்றார். "பிறந்த பிறகு தாடி போகும். இதுவும் போகும்."

நான் கும்பிட்டேன். வீட்டுக்குப் பாதி வழி வந்த பிறகுதான் அவர் சொன்னது முழுதாக உறைத்தது. மனைவிக்கு வலி எடுக்கிற அன்றைக்கு எலியின் கணக்கு முடிகிறது. பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று வேண்டினால், நோஞ்சான் சாக வேண்டும் என்று வேண்டுவதுபோல ஆயிற்று. அதற்குப் பிறகு நான் எதையும் வேண்டிக்கொள்ளவே பயந்தேன். கோயிலுக்குப் போனால் வாயை மூடிக்கொண்டு சும்மா நின்றுவிட்டு வருவேன்.

ஒன்பதாம் மாசம் அவளைக் கீழே குப்பனூருக்கு, அவள் அம்மா வீட்டுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. எட்டாம் மாசத்திலேயே, அடைமழையில், மத்தியானம் வலி எடுத்துவிட்டது. மருத்துவச்சி நனைந்துகொண்டு வந்தாள். நான் வெளியே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். ஏழாம் மாசப் பிள்ளை தேறும், எட்டாம் மாசப் பிள்ளை தேறாது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. அன்று லைனில் எல்லாப் பெண்களும் என்னென்னவோ பேசினார்கள், எத்தனையாவது மாசம் என்பதை மட்டும் யாரும் பேசவில்லை.

பெண் குழந்தை. மருத்துவச்சி துணியில் சுற்றிக்கொண்டு வந்து காட்டினாள். அதை அவள் ஒரே கையில் பிடித்திருந்தாள். என் கண்ணைப் பார்க்காமல், "பொழச்சா உங்க அதிர்ஷ்டம் சாமி" என்றாள்.

நான் என்ன செய்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். துணியை விலக்கி, வயிற்றில் வெள்ளைப் பொட்டு தெரிகிறதா என்று பார்த்தேன். மனுஷப் பிள்ளைக்கு அப்படித் தெரியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

மனைவிக்குப் பால் சுரக்கவில்லை. அடுத்த அறைக்காரிக்கு மூன்று மாசத்துப் பையன் ஒருவன் இருந்தான். தடியன். அவளிடம் போய் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியாமல், பங்களாவில் எலிக்கு எப்படிச் செய்வோம் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"எலிக்கதயெல்லாம் வேண்டாமுங்க அண்ணா. புள்ளையக் கொடுங்க" என்று வாங்கிக்கொண்டு, தன் பையனை என் மடியில் போட்டாள். அவன் பசியில் வீறிட்டு என் தாடியைப் பிடித்துத் தொங்கினான். அவளிடம் என் குழந்தை சப்புக்கொட்டும் வரை அவனுக்குத் தாடியைத் தின்னக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தினமும் இதுதான். பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றித் துணி சுற்றிக் குழந்தையின் பக்கத்தில் வைத்தோம். காப்பிப் பழம் அள்ளுகிற கூடையில் பஞ்சு பரப்பிப் படுக்கவைத்தோம். மூச்சு வருகிறதா என்று நான் குனிந்து குனிந்து பார்த்ததில் மனைவிக்கே எரிச்சல் வந்தது. உங்க மூச்சுக்காத்து பட்டுப் புள்ளைக்குச் சளி புடிச்சிரும் என்றாள். அவளுக்கும் பால் இறங்கத் தொடங்கியிருந்தது.

நான் வேலைக்குப் போன அன்று பின்னறையில் பக்கெட் தயாராக இருந்தது. அதிலிருந்து லேசாக ஆவி வந்தது. துரைசானி பெட்டிகளின் பக்கத்தில் நின்றார். சொன்ன சொல்லை மறக்கிறவர் இல்லை.

"பிள்ளை பிறந்ததா?"

பிறந்தது என்று தலையாட்டினேன்.

"எப்படி இருக்கிறது?"

சின்னது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த அறையில், அந்தப் பக்கெட்டுக்குப் பக்கத்தில் நின்று, என் பிள்ளை சின்னது என்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. குண்டாக இருக்கிறது என்றேன்.

"தாடி ஏன் இருக்கிறது?"

நோஞ்சான் வலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று மூக்கை ஆட்டியது. ரொட்டி வரும் நேரம் அது. அதற்கு என்ன தெரியும்? நோன்பு முடிந்துவிட்டது, தாடிக்கும் காரணம் இல்லை, எலிக்கும் காரணம் இல்லை. வீட்டில் கூடையில் ஒன்று கிடக்கிறது. இதை முக்கிவிட்டு இதே கையோடு போய் அதைத் தூக்க வேண்டும். பயத்தில் மனிதன் என்ன பேசுவான் என்று அவனுக்கே தெரியாது.

"மறுபடியும் மாசமா இருக்கறாளுங்க, தொரசானி" என்றேன்.

வாசலில் நின்ற பட்லர் கையிலிருந்த தட்டைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டார். குழந்தை பிறந்து இன்னும் தொப்புள் காயவில்லை. துரைசானி தன் விரல்களைப் பார்த்தார், எண்ணத் தொடங்கி நிறுத்திக்கொண்டதுபோல இருந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பக்கெட்டை எடுத்துக்கொண்டு போ" என்று பட்லரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுவாரம் பட்லர் லைனுக்கே வந்தார். எல்லோரும் பார்க்க, ஒரு பெரிய பால் டின்னை நீட்டி, துரைசானி கொடுத்தனுப்பியது, பிள்ளைத்தாய்ச்சி நன்றாகச் சாப்பிட வேண்டுமாம் என்று உரக்கச் சொன்னார். என் மனைவி வாசலில் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். லைன் முழுக்கச் சிரிப்பு. அவள் டின்னை வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்திய பிறகுதான் கேட்டாள்.

"ஏனுங்க, நான் இன்னும் எத்தன வருசத்துக்கு மாசமா இருக்கோணும்?"

எலி ரொம்ப நாள் இருக்காது, இரண்டு மூன்று வருஷம்தான் என்றேன். அவள் டின்னை எடுத்து என்மேல் எறியப் பார்த்து, குழந்தைக்கு ஆகும் என்று கீழே வைத்துவிட்டாள்.

பழம் பறிக்கிற காலம் வந்தது. குழந்தையை, நிழலுக்கு நட்ட சவுக்கு மரக் கிளையில் தூளி கட்டிப் போட்டுவிட்டு அவளும் வேலைக்குப் போனாள். எங்கள் ஆட்கள் பழம் போட ஒரு சாக்குப் பையை இடுப்பில் முன்பக்கமாகக் கட்டிக்கொள்வார்கள். பால் தூக்குப் போசி கொடுக்க நான் போயிருந்தபோது குதிரைச் சத்தம் கேட்டது. துரைசானி. ஒளிய இடம் இல்லாமல் காப்பிச் செடிக்குப் பின்னால் குந்தினேன். தாடி மட்டும் வெளியே தெரிந்திருக்கும். என் மனைவி என்னைவிடக் கெட்டிக்காரி. பாதி நிரம்பியிருந்த பையை வயிற்றுக்கு நேராக இழுத்து, மேலே முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு, முதுகை வளைத்து நின்றாள். நிறைமாசம். நியாயமாக அப்போது அவள் வயிறு அவ்வளவு பெரிதாக இருக்கவே முடியாது.

குதிரை நின்றது. துரைசானி வயிற்றைப் பார்த்தார். தூளியைப் பார்த்தார். தூளிக்குள்ளிருந்து ஒரு குட்டிக் கால் வெளியே உதைத்தது. மறுபடி வயிற்றைப் பார்த்தார். என் மனைவிக்கும் என்னைப்போலவே நடுக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது, முந்தானைக்குக் கீழிருந்து சிவப்பாக ஒரு பழம் விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு பொலபொலவென்று குதிரையின் குளம்படியில் கொட்டியது. வயிறு கண்ணெதிரே வற்றிக்கொண்டிருந்தது. எஸ்டேட்டில் ஒரு பழம் சிந்தினாலும் ரைட்டர் கத்துவார். நான் போசியை இறுக்கிக்கொண்டு, மூட்டை கட்டினால் முதலில் எதைக் கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

துரைசானி கடிவாளத்தை இழுத்துக் குதிரையைத் திருப்பினார்.

"பழம் சிந்துகிறது" என்றார். "பார்த்து நட."